ஹிரோஷிமாவுக்கு முன் ஒரு பாலைவனம்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆண்டுதோறும் ஆகஸ்ட் 6, 9 தேதிகளில் ஹிரோஷிமா, நாகசாகி குறித்த கட்டுரைகளைப் பத்திரிகைகளில் படிக்கிறேன். அந்தக் குண்டுகளை வீசப் பயிற்சி நடந்த இடத்தைப் பற்றி அவற்றில் அநேகமாக ஒரு வரியும் இருப்பதில்லை.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், நெவாடா எல்லையோரம், உப்புப் படிந்த பாலைவெளியில் இருக்கிறது வெண்டோவர் விமானத்தளம். ஆள் அரவமற்ற இடம் என்பதாலேயே 1944 செப்டம்பரில், பின்னாளில் ஹிரோஷிமா மீது குண்டு வீசிய விமானத்தை ஓட்டிய கர்னல் பால் திப்பெட்ஸ் அதைத் தேர்ந்தெடுத்தார். அந்த டிசம்பரில் அங்கே, அணுகுண்டு வீசுவதற்கென்றே 509-வது படைப்பிரிவு உருவானது. பி-29 குண்டுவீச்சு விமானத்தை மிக உயரத்தில் ஓட்டி, ஒரே ஒரு குண்டைப் போட்டுவிட்டு, வெடிப்பலை எட்டுவதற்குள் சட்டென்று திரும்பித் தப்புவதுதான் பயிற்சி. நாகசாகி குண்டின் வடிவிலேயே செய்த போலிக் குண்டுகளைப் போட்டுப் பார்த்தார்கள். எதற்காக இத்தனை ஒத்திகை என்பது படைவீரர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது. என்னை மிகவும் கலங்கவைப்பது இதுதான். தினமும் ஒழுங்காக வேலைசெய்த சாதாரண இளைஞர்கள் அவர்கள்.

போருக்குப் பின் ராணுவம் படிப்படியாக வெளியேறியது. ஹிரோஷிமா மீது குண்டு வீசிய எனோலா கே விமானம் நின்ற கொட்டகையைப் பழுதுபார்த்திருக்கிறார்கள்; அருங்காட்சியகமும் உண்டு. அந்தக் கொட்டகையைக் காப்பது மிகச் சரியான செயல் என்பேன். அழிவுக்கான ஏற்பாடுகள் எவ்வளவு நிதானமாக நடந்தன என்பதற்கு அது கண்கண்ட சாட்சி.

வரும் ஆகஸ்டில் வெளியிடும் கட்டுரையில் வெண்டோவரையும் சேர்க்குமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்