உப்பளத்து வெயில்ல நிக்கிறவங்க கிட்னிய யாரு பாக்குறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோடை வந்தா தினமும் ஊர்வாரியா எத்தன டிகிரின்னு பேப்பர்ல போடுறீங்க, நாப்பத தாண்டுன வேலூர், கரூர்தான் பெரிய எழுத்துல வருது, எங்க தூத்துக்குடி பக்கம் 36, 37ன்னு கீழ கிடக்கு, பாக்குறவங்க பரவாயில்லயேன்னு நெனப்பாங்க. கடலோரத்துல 36ங்கிறது வேற கதைங்க. காத்துல ஈரம் ஜாஸ்தி, வேர்த்து ஊத்தும் ஆனா வேர்வை காயாது, அது காஞ்சாத்தான உடம்பு குளிரும். கடலும் சூடாகிட்டே போறதால இந்தப் புழுக்கம் இன்னும் கூடத்தான் போகுது, ராத்திரியும் விடுறதில்ல. வானிலை மையக் கணக்குப்படி கடலோரத்துல 37 டிகிரிய தொட்டு, வழக்கத்த விட நாலரை டிகிரியும் கூடினாத்தான் வெப்ப அலை. ஈரப்பதம் அந்தக் கணக்குலயே இல்ல.

எங்க சித்தி முள்ளக்காடு பக்கம் அளத்துல உப்பு வாருறாங்க. விடியுறதுக்கு முன்னாடியே போயிருவாங்க, ஆனாலும் வேலை முடியறதுக்குள்ள வெயில் ஏறிரும், கீழ வெள்ள வெளேர்னு உப்பு வேற கண்ணக் கூசும். கொண்டு போற தண்ணி பாட்டில் பாதிக்கு மேல அப்படியே திரும்பி வரும். ஏன் சித்தி குடிக்கலன்னா, "குடிச்சா ஒன்னுக்கு வரும்ல, எங்க போக"ம்பாங்க. கண்ணுக்கு எட்டுன வரைக்கும் பாத்திதான், ஒதுங்க ஒரு மரம் கெடையாது. அடக்கி அடக்கி நீர்க்கடுப்பு வந்து, ஆஸ்பத்திரிக்குப் போனா மாத்திரைய குடுத்து "நல்லா தண்ணி குடிங்கம்மா"ன்னு அனுப்பிட்டாங்க. என்ன வேலை பாக்குறீங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல.

இது நீர்க்கடுப்போட நிக்கிற விஷயம் இல்ல. உடம்புல தண்ணி வத்துனா கிட்னிக்கு போற ரத்தம் கொறையும், ஒரு நாள்னா தேறிக்கும், வருஷக்கணக்கா இப்படியே போனா கிட்னி கெட்டுப்போகுது, வலிகூட தெரியாது, தெரியும்போது முத்திப்போயிருக்கும். நம்ம மாநிலத்து உப்பளத் தொழிலாளிங்கள வச்சு பண்ணின ஆய்வு ஒன்னு 2023ல வந்துச்சு, அதுல நூத்துக்கு ஏழு பேருக்கு கிட்னி வேலை செய்யறது கொறஞ்சிருந்துது. சர்க்கரை, பிரஷர் இருந்தாத்தான் கிட்னி போகும்னு நெனச்சிட்டு இருக்கோம், அது இல்லாதவங்களுக்கும் வெயிலால போகலாம்.

2024 அக்டோபர்ல அரசு வெப்ப அலைய மாநிலப் பேரிடரா அறிவிச்சு, இறந்தா குடும்பத்துக்கு 4 லட்சம்னு சொன்னாங்க. நல்ல விஷயம், அத மனசார சொல்றேன். ஆனா வெயில்ல சுருண்டு விழுந்து இறந்தவர ஹார்ட் அட்டாக்னு எழுதிட்டா அந்தக் குடும்பத்துக்கு எதுவும் வராதே? இன்னொன்னு, செத்தப்பறம் குடுக்குற பணத்த விட உயிரோட இருக்கும்போது அளத்துல ஒரு டாய்லெட்டும் ஒதுங்க ஒரு ஷெட்டும் எவ்வளவோ மேல். அளத்து முதலாளிங்க போடலன்னா லைசென்ஸ், குத்தகை புதுப்பிக்கும்போது அரசு கண்டிப்பா கேக்கணும்.

அதோட ஆரம்ப சுகாதார நிலையத்துல சீட்டு எழுதும்போதே என்ன வேலை, வெயில்ல எத்தன மணி நேரம்னு கேட்டு எழுதச் சொல்லுங்க. அளத்து ஆளுங்களுக்கு சீசன் ஆரம்பிக்கும்போது ஒரு தடவ, முடியும்போது ஒரு தடவ கிரியேட்டினின் டெஸ்ட் (கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு பாக்குற ரத்தப் பரிசோதனை) எடுக்கணும். உங்க நிருபர் யாரையாவது ஏப்ரல், மே மாசத்துல அளத்துப் பக்கம் அனுப்புங்க, பெண்கள் கிட்ட பேசச் சொல்லுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தூத்துக்குடி