படத்தில் இருந்தது ஷிருய் லில்லி அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் தோட்டக்கலைப் பகுதியில் மணிப்பூரின் மாநில மலரான ஷிருய் லில்லியைப் பற்றி வெளிவந்த குறிப்பை ஆவலுடன் படித்தேன். ஆனால் அதனுடன் அச்சாகியிருந்தது மழை லில்லியின் படம். "ஷிருய் மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இது வளராது" என்ற வரியும் சரியன்று. இவ்விரண்டையும் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்ளவே இக்கடிதம்.

படத்தில் நேர்ந்த தவறு எளிதில் நேரக்கூடியதே. தொட்டியில் வளரும் மழை லில்லி, ஸ்பைடர் லில்லி முதல் குளத்து அல்லி வரை பலவற்றுக்கும் நாம் லில்லி என்ற ஒரே பெயரைச் சூட்டிவிட்டோம். இணையத்தில் ஷிருய் லில்லிக் கிழங்கு என்று விளம்பரம் செய்திருந்த ஒருவரிடம் நானும் நான்கு கிழங்குகள் வாங்கினேன். உறையைப் பிரித்ததும், சின்ன வெங்காயத்தைப் போலப் பழுப்புச் சருகு போர்த்திய கிழங்குகள் கையில் விழுந்தபோதே ஐயம் எழுந்தது. ஷிருய் லில்லி உள்ளிட்ட உண்மையான லில்லிகள் அடங்கிய லிலியம் பேரினத்தின் கிழங்குக்கு அத்தகைய மேல்தோல் கிடையாது. சதைப்பற்றுள்ள செதில்கள் ஒன்றையொன்று தழுவியபடி வெளியே தெரியும்படி அடுக்கியிருக்கும். இருந்தாலும் நட்டு வைத்தேன். மழைக்குப் பின் பூத்த முதல் பூவைப் பிளேடால் நெடுக்காக அரிந்து பார்த்தபோது, இதழ்கள் தொடங்கும் இடத்துக்குக் கீழே, காம்பின் நுனியில், விதை உருவாகும் பச்சைச் சூற்பை புடைத்திருந்தது. வந்தது மழை லில்லிதான். உண்மையான லில்லியில் சூற்பை பூவுக்குள்ளே, ஆறு இதழ்களும் ஆறு மகரந்தத் தாள்களும் சூழ, நடுவில் நிற்கும். பூவை அரிய மனமில்லாதவர்கள் இலையைப் பார்த்தாலே போதும். மழை லில்லியில் புல் போன்ற இலைகள் தரையிலிருந்து கிளம்ப, பூத்தண்டு இலையின்றி நிற்கும். லில்லியிலோ பூவைத் தாங்கும் தண்டிலேயே இலைகள் வரிசையாக அமைந்திருக்கும். தாங்கள் வெளியிட்ட படத்தில் பூத்தண்டில் ஓர் இலைகூட இல்லை.

ஷிருய் லில்லி உக்ருல் மாவட்டத்தில், 2,835 மீட்டர் உயரமுள்ள ஷிருய் மலையின் மேற்சரிவுகளில், மே, ஜூன் மாதங்களில் பூக்கிறது. மலையில் பெரும்பாலும் முழங்கால் உயரத்தைத் தாண்டாத சிறு செடி அது. பூ மணியைப் போலத் தலைகவிழ்ந்து தொங்கும். வெண்மையில் இளஞ்சிவப்பும் ஊதாவும் மெல்லப் படர்ந்திருக்கும். 1946-இல் இதைக் கண்டெடுத்த தாவரத் தேடலாளர் ஃபிராங்க் கிங்டன் வார்டுகூட முதலில் இதை லில்லியின் நெருங்கிய உறவான நோமோகாரிஸ் என்றே எண்ணினார். பின்னர் அவருடைய மனைவி ஜீன் மாக்லினின் பெயரால் இது லிலியம் மாக்லினியே ஆயிற்று.

இயற்கையில் இச்செடி அந்த மலைப்பகுதிக்கே உரியது என்பது உண்மைதான். ஆனால் ஸ்காட்லாந்தின் குளிர்ந்த, ஈரமான தோட்டங்களில் இது நெடுங்காலமாக வளர்ந்து வருகிறது. அங்கு வசிக்கும் என் மகள் விதையிலிருந்து வளர்த்த செடியை நானே பார்த்திருக்கிறேன். விதை காகிதத்தில் வெட்டியெடுத்த துண்டைப் போல மெலிதாக இருக்கும். வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே கரு கோடாகத் தெரியும். இலைமக்கும் மணலும் கலந்த, சுண்ணாம்பு இல்லாத, நீர் தேங்காத கலவையில் வசந்தத்தின் தொடக்கத்தில் மேலாகத் தூவி, மெல்லிய மண் போர்வையால் மூடினாள். சில வாரங்களில் புல்லைப் போன்ற ஒற்றை இலை வெளிவந்தது. களை என்று எண்ணி அதைப் பிடுங்கிவிடாமல் காப்பதே முதலாண்டின் பெரிய வேலை. குளிர்காலத்தில் செடி முழுவதும் வாடி மண்ணுக்குள் அடங்கிவிடும். செத்துவிட்டதென்று தொட்டியைக் கவிழ்க்கக் கூடாது, கிழங்கு அழுகும்படி நீரும் ஊற்றக் கூடாது. இப்படிக் காத்த செடி மூன்றாம் ஆண்டில் ஒரே ஒரு பூவைத் தந்தது.

நம் சமவெளி வெயிலில் இது தாங்காது என்பதைத் தோட்ட ஆர்வலர்களுக்குச் சொல்லிவிட வேண்டியது அவசியம். அதற்காக "வேறெங்கும் வளராது" என்று எழுதிவிட்டால், விதையிலிருந்து வளர்க்கும் முயற்சியே வீண் என்று படிப்பவர் முடிவு செய்துவிடுவார். மலையிலோ குட்டை மூங்கில் பரவி இச்செடியின் இடத்தைப் பிடித்து வருகிறது. இந்த நிலையில் பார்க்க வருபவர்கள் ஆசைக்காகப் பிடுங்கிச் செல்லும் ஒவ்வொரு கிழங்கும் பல ஆண்டுகளின் இழப்பு. விதையைச் சேகரித்துத் தோட்டத்தில் பெருக்க வழி இருக்கிறது என்பதைச் சொல்வதுதான் அம்மலைக்கு நாம் செய்யும் நன்மை.

ஆகவே அடுத்த இதழில், தண்டில் இலைகளுடன் தலைகவிழ்ந்து நிற்கும் பூவின் சரியான படத்தை வெளியிட்டு, காட்டிலிருந்து தோண்டிய கிழங்கை எவரும் வாங்க வேண்டாம் என்ற ஒரு வரியையும் அதன் கீழே சேர்க்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்