கோனாவில் வீடு பார்க்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய வீட்டுப் படங்களைப் பார்த்தேன். கோனா கடற்கரை, மாடியில் நின்றால் சூரியன் கடலில் இறங்குவது தெரியும், வாடகையும் உனக்குக் கட்டுப்படியாகிறது. ஆனால் ஹவாயின் பெரிய தீவுக்குக் குடிவருகிறவர்கள் வாடகையையும் பள்ளியையும் விசாரிக்கிற அக்கறையோடு காற்றை விசாரிப்பதில்லை. உன் மகளுக்கு ஆஸ்துமா. ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இதை முழுவதும் படித்துவிடு.

சுற்றிலும் பசிபிக் பெருங்கடல், ஆலைப் புகை இல்லை, காற்றில் என்ன கோளாறு வரப்போகிறது என்று கேட்பாய். தீவின் தென்கிழக்கில் கிலாவெயா எரிமலை இருக்கிறது. அது வெடிக்கும்போது கந்தக டை ஆக்சைடைக் கக்குகிறது. அந்த வாயு வெயிலிலும் ஈரத்திலும் பட்டு, நகர நகர நுண்துகள்களாக மாறுகிறது. வெளிறிய மூட்டமாகத் தெரியும் இதை இங்கே ‘வாக்’ என்கிறார்கள். மலைக்கு அருகில் வாயு, தொலைவில் துகள். ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு இரண்டும் ஆகாது. அதிலும் வாயு சில நிமிடங்களிலேயே மூச்சுக்குழலைச் சுருக்கிவிடும். ஓடியாடும் குழந்தையை இன்னும் சீக்கிரம் பிடிக்கும்.

இனிக் காற்று வீசும் திசைக்கு வருகிறேன். எல்லாம் அதில்தான் இருக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி இங்கே வடகிழக்கிலிருந்து வியாபாரக் காற்று வீசுகிறது. அது கிழக்குக் கரையில் இருக்கும் ஹீலோ ஊருக்குக் கடலின் சுத்தமான காற்றைக் கொடுத்துவிட்டு, எரிமலைப் புகையைத் தென்மேற்கே தள்ளுகிறது. பஹாலா, ஓஷன் வியூ போன்ற ஊர்கள் முதலில் அதை வாங்கிக்கொள்கின்றன. பிறகு மூட்டம் தென்முனையைச் சுற்றிக்கொண்டு மேற்குக் கரையில் கோனாப் பக்கம் ஏறுகிறது. அங்கே மௌனா லோவா, ஹுவலாலாய் என்ற இரண்டு மலைகளும் வியாபாரக் காற்றை மறித்து நிற்கின்றன. பகலில் கடற்காற்று கரைக்குத் தள்ள, இரவில் நிலக்காற்று கடலுக்குத் தள்ள, மூட்டம் போக வழியின்றி அங்கேயே தேங்கிவிடுகிறது. ஹீலோவைவிட எரிமலைக்கு எட்டத்தில் இருந்தும் கோனா அதிகம் அவதிப்படுவது இதனால்தான்.

“நாங்கள் வந்து தங்கியபோது வானம் பளிச்சென்று இருந்ததே” என்கிறாய். இருந்திருக்கும். 2018-இல் 700-க்கும் மேற்பட்ட வீடுகளை அழித்த வெடிப்பு ஓய்ந்த பிறகு, வாயு வெகுவாகக் குறைந்தது. அடுத்த ஆண்டு வந்தவர்கள் எல்லோரும் கோனாவின் காற்றைப் புகழ்ந்தார்கள். 2020 டிசம்பரில் மலை மறுபடி விழித்துக்கொண்டது. 2024 டிசம்பர் 23 அன்று தொடங்கிய வெடிப்போ விட்டுவிட்டு வந்தது: சில மணி நேரம் நெருப்பு ஊற்று, பிறகு பல நாள் அமைதி. அமைதியான வாரத்தில் வந்து பார்த்துவிட்டு வீட்டை முடிவு செய்தவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. வீட்டுத் தரகர்கள் இதைத் தாங்களாக எடுத்துச் சொல்வார்கள் என்று எதிர்பார்க்காதே.

வீட்டைப் பற்றியும் ஒன்று. நீ அனுப்பிய மூன்றாவது படத்தை உற்றுப் பார். ஜன்னல்களில் சாய்வான கண்ணாடிப் பட்டைகள் வரிசையாக இருக்கின்றன. இங்கே பழைய வீடுகளில் அப்படித்தான். காற்றோட்டத்துக்கு அருமையானவை, ஆனால் கைப்பிடியை எவ்வளவு திருகினாலும் இடைவெளி இல்லாமல் மூடாது. அந்த அறையில் காற்றுச் சுத்திகரிப்பானை வைத்து என்ன பயன்? குழந்தை தூங்கும் அறையாவது இறுக மூடும் ஜன்னலும் ஏசியும் உள்ளதாக இருக்க வேண்டும். சுத்திகரிப்பானிலும் ‘ஹெப்பா’ வடிகட்டி துகளைத்தான் பிடிக்கும். வாயுவைப் பிடிக்கக் கரி வடிகட்டியும் வேண்டும். மழைநீர்த் தொட்டியை நம்பியிருக்கும் வீடு என்றால் தண்ணீரில் ஈயம் இருக்கிறதா என்று சோதிக்கச் சொல். வாக் கலந்த மழை அமிலத்தன்மை உடையது, பழைய கூரையிலும் குழாயிலும் உள்ள ஈயத்தைக் கரைத்துவிடும்.

என் விருப்பத்தைச் சொல்லிவிடுகிறேன்: ஹீலோவுக்கு வா. ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிற ஊர், பூஞ்சணம் பிடிக்கும், அதுவும் ஆஸ்துமாவுக்குக் கெடுதல்தான். ஆனால் பூஞ்சணத்தைத் துடைத்து எடுக்கலாம், ஈரமுறிஞ்சி வைத்துச் சமாளிக்கலாம். ஊர் முழுக்கத் தேங்கிய மூட்டத்தை நாம் என்ன செய்ய முடியும்? மழை வேண்டாம் என்றால் வடக்கே வைமியாவைப் பார். அம்மா ‘இறைவன் கோயில்’ என்ற சிவன் கோயிலைப் பற்றிக் கேட்பார்கள். அது காவாய் தீவில், விமானத்தில்தான் போக வேண்டும். அங்கே உயிருள்ள எரிமலை கிடையாது.

கோனாதான் என்று பிடிவாதமாக இருந்தால், ஓராண்டு ஒப்பந்தம் போடாமல் மாத வாடகைக்கு எடு. மாநிலச் சுகாதாரத் துறை காற்றின் அளவைத் தினமும் இணையத்தில் வெளியிடுகிறது. அதைப் பார்த்து, மகளின் இளைப்பு எந்த நாளில் கூடுகிறது என்று குறித்துவை. இப்போதைக்கு அந்த வீட்டின் சரியான முகவரியை அனுப்பு. கோனாவில் எனக்குத் தெரிந்தவர்களிடம் அந்தத் தெருவைப் பற்றி விசாரித்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா