அட்டையில் இதையும் அச்சிடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஈரோட்டில் கல்யாண வீடியோ எடுப்பது என் தொழில். வீட்டார் வந்தால் கடை டிவியில் வீடியோவைப் போட்டுக் காட்ட வேண்டும். அதே ஃபைலை உள்ளே எடிட்டிங் கம்ப்யூட்டரிலும் எடுக்க வேண்டும். இதற்காகவே ஆண்ட்ராய்டு, ஓபன்டபிள்யூஆர்டி என்று இரண்டு இயங்குதளமும் சேர்ந்து ஓடும் மீடியா பிளேயர் ஒன்றை வாங்கினேன். ஒன்று படம் காட்டும், இன்னொன்று ஹார்ட் டிஸ்கை நெட்வொர்க்கில் பகிரும் என்றார்கள்.

படம் காட்டுவதில் குறை சொல்ல மாட்டேன். 4கே ஃபைல் திக்காமல் ஓடுகிறது. மற்றதுதான் தலைவலி. ரிமோட்டில் பிளேயரை அணைத்தால் பகிர்வும் சேர்ந்தே அணைகிறது. உள்ளே பையன் எடிட் செய்துகொண்டிருக்கும்போது வெளியே யாராவது சிவப்பு பட்டனை அழுத்தினால் போச்சு. இருக்கிற 2 ஜிபி மெமரியை இரண்டும் பங்கு போட்டுக்கொள்வதால், பெரிய ஃபைல் காப்பியாகும் நேரத்தில் டிவியில் மெனு நகரவே மறுக்கிறது. முதலில் கம்ப்யூட்டரில் டிஸ்க் தெரியவே இல்லை. விசாரித்தால், பகிர்வு நடப்பது எஸ்எம்பி என்ற ஃபைல் பகிரும் முறையின் முதல் பதிப்பில். பாதுகாப்பில்லாதது என்று 2017-இலேயே விண்டோஸ் 10 அதைத் தானாக நிறுவுவதை விட்டுவிட்டது. 'நீங்களே ஆன் பண்ணிக்கோங்க சார்' என்கிறார் விற்றவர். ஊரார் வீட்டுக் கல்யாணமெல்லாம் இருக்கிற டிஸ்குக்கு நல்ல காவல்தான்!

ஆண்ட்ராய்டும் 2015-இல் வந்த 6-ஆம் பதிப்பு. கூகுள் அதற்குப் பாதுகாப்புத் திருத்தம் தருவதை 2018-இலேயே நிறுத்திவிட்டது. படங்களைத் திருட்டு நகல் எடுக்காமல் தடுக்கும் வைட்வைன் பாதுகாப்பு எல்3 என்ற கீழ்நிலையில் இருப்பதால், காசு கட்டிப் பார்க்கும் ஓடிடி படங்கள் பெரும்பாலும் 480பி என்ற குறைந்த தெளிவைத் தாண்டுவதில்லை. அட்டையில் மட்டும் கொட்டை எழுத்தில் 4கே.

பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், இணையத்தோடு சேரும் வீட்டுச் சாதனங்களுக்குப் பாதுகாப்பு அப்டேட் எதுவரை கிடைக்கும் என்று தயாரிப்பாளர் சொல்லியாக வேண்டும். எல்லாப் பெட்டிக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்து விற்கவும் கூடாது. என் பிளேயரின் பகிர்வுப் பக்கத்துக்கு வந்த பாஸ்வேர்டு 'அட்மின்'. இங்கே அடாப்டருக்குக்கூட பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் பார்க்கிறோம். உள்ளே ஓடும் மென்பொருளுக்கு ஆயுள் எவ்வளவு என்று அட்டையில் ஒரு வரி இல்லை. அப்டேட் முடியும் தேதி, ஓடிடி எந்தத் தெளிவில் ஓடும் என்ற இரண்டையும் எம்ஆர்பிக்குப் பக்கத்திலேயே அச்சிட நுகர்வோர் விவகாரத் துறை உத்தரவிட வேண்டும்.

வீடியோகிராபர், ஈரோடு