அந்த நர்ஸ் மிஸ்ஸுக்கு நன்றி

மிஸ், உங்க பேரு, ஆஸ்பத்திரி பேரு ரெண்டையும் போடல்ல, உங்களுக்கும் என் தங்கச்சிக்கும் பிரச்சினை வரக் கூடாது. அவ கைக்காயத்த காட்ட வந்த நேரம், கூடவே நின்ன புருஷன வெளிய இருக்கச் சொல்லிட்டு, கதவ சாத்திட்டு, "வீட்டுல யாருக்கும் பயந்து இருக்கீங்களா"ன்னு மெதுவா கேட்டீங்களாம், அதுவும் தமிழ்ல, அதுக்குப் பிறகுதான் அவ வாயத் திறந்திருக்கா. ஏன் இவ்வளவு காலம் பொறுத்தீங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல்லயாம். அது எவ்வளவு பெரிய விஷயம்!

வீட்டு வன்முறையில பாதிக்கப்பட்டவங்களுக்கு உதவுற, ஆஸ்பத்திரி நட்பு நிலையத்துக்கு நீங்களே கூட்டிட்டுப் போய் விட்டீங்க, 1938ங்கிற பெண்கள் உதவி நம்பர எழுதிக் குடுக்காம மனப்பாடமாக்க வெச்சீங்க, போன்ல கெடந்தா அவர் பாப்பாருன்னு. இலங்கையோட 2005ஆம் ஆண்டு 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்துல மஜிஸ்ட்ரேட் கோர்ட்டுல பாதுகாப்புக் கட்டளை கேக்கலாம்னு அங்கதான் எங்களுக்குத் தெரிஞ்சிச்சு. பிள்ளைகள் சாப்பிடுதா, தூங்குதான்னு கூட விசாரிச்சீங்களே. இப்ப எல்லாரும் எங்களோடதான் இருக்காங்க. கோடி நன்றி மிஸ்.