லிட்டில் புரூஸ்டர் தீவு விளக்கின் கதைக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

பாஸ்டன் துறைமுக வாயிலில் உள்ள லிட்டில் புரூஸ்டர் தீவின் கலங்கரை விளக்க வரலாற்றைத் தமிழில் எழுதி முடித்துவிட்டேன். நீங்கள் இல்லாமல் இது நடந்திருக்காது. அதை எல்லாரும் அறியச் சொல்லவே இந்த மடல்.

முதல் நன்றி, பழைய ஏடுகளைத் தேடி எடுத்துத் தந்த நூலக அம்மாவுக்கு. 1716 செப்டம்பர் 14 அன்று விளக்கு ஏற்றினார்கள், முதல் காப்பாளர் ஜார்ஜ் வொர்திலேக் 1718இல் மனைவி, மகளோடு கடலில் மூழ்கினார் என்று இரண்டே வரியில் முடித்திருந்தேன். படித்துவிட்டு, "ஷாட்வெல் எங்கேப்பா?" என்று கேட்டீர்கள். அந்த வீட்டில் அடிமையாக இருந்த ஆப்பிரிக்கர் ஷாட்வெல். அவர்களைச் சிறு தோணியில் கரைசேர்க்கப் போய், தானும் உயிர்விட்டவர். கல்லறைக் கல்லில் குடும்பத்தார் மூவர் பெயர்தான் இருக்கிறது. நானும் அதையே செய்ய இருந்தேன் அம்மா. தடுத்தீர்கள்.

கப்பலில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஐயாவுக்கு என் வணக்கம். அமெரிக்காவில் இன்றும் நிற்கும் மிகப் பழைய கலங்கரை விளக்கக் கோபுரம் இதுதான் என்று எழுதியிருந்தேன். 1776இல் ஆங்கிலேயப் படை இதை வெடிவைத்துத் தகர்த்ததையும், 1783இல் புதிதாகக் கட்டியதையும் எடுத்துச் சொல்லி, 1764இல் எழுந்த, நியூ ஜெர்சியின் சாண்டி ஹூக் கோபுரமே மூத்தது என்று திருத்தினீர்கள்.

விளக்கைச் சுற்றி வளையம் வளையமாக அடுக்கிய கண்ணாடியான பிரெனெல் வில்லையை விளங்கவைத்ததும் நீங்கள்தான் ஐயா. அறையை இருட்டாக்கி, டார்ச்சின் முன்னே பூதக்கண்ணாடியைப் பிடித்தீர்கள். சுவரெங்கும் சிதறிக் கிடந்த வெளிச்சம் ஒரு சிறு வட்டமாகத் திரண்டது. மேலும் கீழும் வீணாகும் ஒளியை அந்த வில்லையின் 336 பட்டகங்கள் (சரிவாகச் செதுக்கிய கண்ணாடித் துண்டுகள்) வளைத்து, கடலை நோக்கி நேராக அனுப்பும் சூட்சுமம் அப்போதுதான் பிடிபட்டது. அந்த வில்லைக்காகவே 1859இல் கோபுரத்தை 89 அடிக்கு உயர்த்தினார்கள்.

அலையில் தலைசுற்றியும் படகைத் திருப்பச் சொல்லாமல், 1719இல் மூடுபனி எச்சரிக்கைக்கு வைத்த பீரங்கியைப் படமெடுத்து வந்த தம்பிக்கும் மனமார்ந்த நன்றி.

1998இல் விளக்கு தானியங்கியான பிறகும் அங்கே காப்பாளர் ஒருவர் இருந்தார். 2003 முதல் 2023 வரை அந்தப் பொறுப்பில் இருந்த சாலி ஸ்னோமனை நான் நேரில் கண்டதில்லை. இருந்தாலும் அவருக்கும் நன்றி சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை.

திருத்திய படி மூவருக்கும் தபாலில் வருகிறது. அம்மா, ஷாட்வெல் பக்கத்தை முதலில் பாருங்கள்.

நன்றியுடன்,
உங்கள் அன்பன்