சிப்பிப் பூ வைத்திருக்கும் பாட்டிக்கு

அன்புள்ள பாட்டிக்கு,

இந்த எழுத்து உங்களுக்குப் படிக்க வராது. சனிக்கிழமை வரும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் சொல்கிறேன். ஆனாலும் தமிழில்தான் எழுதத் தோன்றியது. சான் பிரான்சிஸ்கோவைச் சுற்றி இருக்கும் எங்கள் ஆட்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

போன வாரம் உங்கள் முதியோர் இல்லத்தில் நடந்த ஜப்பானிய மரபு விழா நன்றாகத்தான் இருந்தது. சுவரெல்லாம் காகிதக் கொக்குகள், மேஜையில் பச்சைத் தேநீர், கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கிமோனோ. நானும் ஒரு கொக்கு மடித்தேன். கழுத்து கோணலாக வந்தது. நீங்கள் ஒன்றும் சொல்லாமல் வாங்கி, பிரித்து, கட்டைவிரல் நகத்தால் மடிப்பை அழுத்தித் திருப்பித் தந்தீர்கள். மூட்டுவலி உள்ள விரல்கள்; நகம் மட்டும் கோடு பிசகவில்லை.

அப்புறம்தான் கைக்குட்டைக்குள்ளிருந்து அந்தப் பூவை எடுத்தீர்கள்.

சட்டையில் குத்திக்கொள்ளும் சின்ன ஊசிப்பூ. இதழ் ஒவ்வொன்றும் அரிசி நொய் அளவுச் சிப்பி. ஒரு இதழ் உதிர்ந்து, அந்த இடத்தில் பசை மட்டும் மஞ்சளாக நின்றது. "அம்மா செய்தது, டோபாஸில்" என்றீர்கள்.

1942 பிப்ரவரியில் அதிபர் ரூஸ்வெல்ட் போட்ட ஒரு கையெழுத்தில் உங்களைப் போன்ற ஜப்பானிய வம்சாவளியினர் ஏறத்தாழ 1,20,000 பேர் வீடு வாசலை விட்டுத் தடுப்பு முகாமுக்குப் போனார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். உங்களுக்கு அப்போது எட்டு வயது. முதலில் சான் புரூனோவில் டான்ஃபொரான் குதிரைப் பந்தய மைதானம். குதிரை கட்டிய லாயத்தில் குடும்பத்தோடு படுக்கை. பிறகு யூட்டா பாலைவனத்தில் டோபாஸ் முகாம். நான் அந்த மைதானம் இருந்த இடத்தை எத்தனையோ முறை காரில் கடந்திருக்கிறேன். ஒன்றும் தெரியாமல் கடந்திருக்கிறேன்.

டோபாஸ் இருந்த நிலம் ஒரு காலத்தில் பெரிய ஏரியின் அடித்தளம். தோண்டினால் பொடிப்பொடியாகச் சிப்பி கிடைக்கும். நீங்கள் தோண்டினீர்கள், அம்மா சலித்து, கழுவி, வெளுத்து, அளவுவாரியாகப் பிரித்து, நகப்பூச்சால் நிறமேற்றி ஒட்டினார். வேறு சிலர் பழப்பெட்டிப் பலகையில் பறவை செதுக்கி, ஜன்னல் வலைக்கம்பியின் நறுக்கு முனைகளைக் கால்களாகப் பொருத்தினார்கள் என்றும் சொன்னீர்கள். தாங்கிக்கொண்டு தலைநிமிர்ந்து இருப்பதை 'கமன்' என்பீர்களாமே. அந்தச் சொல்லை உங்கள் வாயால் கேட்டபின் எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

எனக்கு ஒரு வருத்தம் உண்டு, சொல்லிவிடுகிறேன். அன்று உங்களை முன்வரிசையில் பார்வையாளராக உட்கார வைத்தார்கள். வெளியிலிருந்து வந்த ஒருவர் கொக்கு மடிக்கச் சொல்லிக்கொடுத்தார். அவர் மேல் குறை இல்லை. ஆனால் அந்த நாற்காலி உங்களுடையது. அந்த முகாம்களுக்காக அரசாங்கம் மன்னிப்புக் கேட்கவே 1988 வரை ஆனது. இல்லத்து விழாவில் உங்களைப் பேசவைக்க இன்னும் காத்திருக்க வேண்டுமா?

அதனால் நிர்வாகத்திடம் பேசிவிட்டேன், சரி என்றார்கள். சனிக்கிழமை பத்து மணிக்கு, வெளிச்சம் நன்றாக விழும் ஜன்னலோர மேஜை உங்களுக்கு. கடையில் வாங்கிய சின்னச் சிப்பி, பசை, மூன்று நிறத்தில் நகப்பூச்சு எல்லாம் கொண்டு வருகிறேன். கற்றுக்கொள்ள ஆறு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், என்னோடு ஏழு. அம்மா செய்த பூவையும் எடுத்து வாருங்கள். உதிர்ந்த இதழை நான் ஒட்டிவிடட்டுமா என்று கேட்டபோது வேண்டாம் என்றீர்கள், அது அப்படியே இருக்கட்டும். படிக்கும் கண்ணாடியை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

அன்புடன்,
சனிக்கிழமை வரும் தமிழ்ப் பெண்